அக்குபஞ்சர்: ஊசி குத்திக்கொள்ளும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மருத்துவக் கட்டுரை எதுக்குடா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கல்லூரியில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். மருந்துச் சீட்டு வந்தாலும் கரண்ட் பில் வந்தாலும் வீட்டில் என்னிடம்தான் நீட்டுவார்கள். டிப்ளமோ சேர்ந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை! மூட்டை தூக்கும் வேலை செய்கிற என் அப்பா, "இடுப்பு வலிக்கு ஊசி குத்துறாங்களாமே, போலாமாப்பா?" என்று கேட்டபோது எனக்கும் விடை தெரியவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததையும் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் வரலாம்.

வரலாறு

லத்தீன் மொழியில் 'அக்கஸ்' என்றால் ஊசி, 'பங்க்சுரா' என்றால் குத்துதல். இரண்டும் சேர்ந்ததே அக்குபஞ்சர். பிறந்த நாடு சீனா. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட சீன மருத்துவ நூலிலேயே இது பற்றி எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இது வந்த கதை சுவையானது. 1938-இல் ஜப்பானுடன் போரில் இருந்த சீனாவுக்கு உதவ, இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான டாக்டர் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே உயிர் நீத்தார். இன்னொருவர் டாக்டர் பி.கே.பாசு. அவர் 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று அக்குபஞ்சர் கற்றுவந்து கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் இது பிரபலமானது 1971-இல். ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளருக்குப் பீகிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. மயக்க மருந்து கொடுக்காமல் ஊசி குத்தியே அறுத்தார்கள் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். அது தவறு. அறுவை நடந்தது வழக்கமான மரத்துப்போகும் மருந்தில்தான். பிறகு வந்த வயிற்று உபாதைக்குத்தான் அக்குபஞ்சர் செய்தார்கள். ஒரு செய்தி வாய்க்கு வாய் போகும்போது எப்படி வளர்கிறது பாருங்கள்! சிகிச்சை பற்றிய கதைகளைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இது எப்படி வேலை செய்கிறது?

உடம்பில் 'ச்சி' என்ற உயிர்ச்சக்தி 12 முக்கிய வழிகளில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய், ஊசி அந்தத் தடையை நீக்கும் என்பது சீனர்களின் பழைய விளக்கம். உலக அளவில் ஒப்புக்கொண்ட புள்ளிகள் 361. ஆனால் உடலை அறுத்துப் படித்த உடற்கூறு இயலார் அப்படிப்பட்ட குழாய்களையோ பாதைகளையோ கண்டதில்லை.

இன்றைய மருத்துவர்கள் வேறுவிதமாக விளக்குகிறார்கள். ஊசி குத்தும்போது நரம்பு தூண்டப்படுகிறது. மூளையும் தண்டுவடமும் வலியை அடக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. ஆகவே இது வலியோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை முதலில் மனதில் இருத்த வேண்டும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் சோதனை செய்தார்கள். முடிவு 2007-இல் வெளியானது. முதல் பிரிவுக்கு முறையான அக்குபஞ்சர். இரண்டாம் பிரிவுக்குப் போலி அக்குபஞ்சர், அதாவது புள்ளி இல்லாத இடத்தில் மேலாகக் குத்துவது. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் நூற்றுக்கு எத்தனை பேருக்குக் குணம் தெரிந்தது?

முறையான ஊசி: 47.6
போலி ஊசி: 44.2
வழக்கமான சிகிச்சை: 27.4

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் சரியான புள்ளியில் குத்தினாலும் வேறு இடத்தில் குத்தினாலும் பெரிய வித்தியாசம் இல்லை! அப்படியானால் படுத்து ஓய்வெடுப்பது, ஒருவர் அக்கறையாக விசாரிப்பது, குணமாகும் என்ற நம்பிக்கை, குத்துகிற தூண்டுதல் எல்லாம் சேர்ந்தே வலியைக் குறைக்கின்றன என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

நாடுகளும் இதில் ஒரே மாதிரி முடிவு எடுக்கவில்லை. ஜெர்மனி 2007-இல் இடுப்பு வலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இன்சூரன்ஸில் இதைச் சேர்த்தது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுக் குழு 2009-இல் இடுப்பு வலிக்குப் பரிந்துரைத்து, 2016-இல் அதை எடுத்துவிட்டது. ஆகவே நாள்பட்ட வலிக்கு இதை முயன்று பார்க்கலாம், ஆனால் அற்புதம் எதுவும் எதிர்பார்க்கக்கூடாது என்பதுதான் என் முடிவு.

இன்னொன்று. நம் பக்கத்தில் ஊசியே இல்லாமல் ஒரு விரலால் தொட்டு, இதுவும் அக்குபஞ்சர்தான் என்கிறார்கள். மேலே சொன்ன சோதனை ஊசி குத்திச் செய்தது. தொடுவதற்கு அதைச் சாட்சியாகக் காட்ட முடியாது.

ஊசியைப் பற்றி நம் பாடம்

இங்கே நம் துறைக்கு வருவோம். அப்பாவைக் கூட்டிப்போன இடத்தில், தேதி முடிந்து ஒதுக்கிவைத்த ஊசி ஒன்றை மருத்துவர் எனக்குப் பாக்கெட்டோடு கொடுத்தார். நம் அளவியல் லேபில் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். விட்டம் 0.25 மி.மீ. சாதாரணமாக மருந்து ஏற்றும் 24 கேஜ் ஊசி சுமார் 0.55 மி.மீ. விட்டம் பாதிக்கும் குறைவு என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு கால் பங்குக்கும் குறைவு! அதுவுமின்றி மருந்து ஊசி நடுவில் ஓட்டையுள்ள குழாய், இது கெட்டியான துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. அதனால்தான் வலி குறைவாக இருக்கிறது.

பாக்கெட்டின் மேல் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, எந்த முறையில் கிருமி நீக்கினார்கள் என்ற குறி. 'இ.ஓ.' என்று இருந்தால் எத்திலீன் ஆக்சைடு வாயு. இரண்டாவது, முடிவுத் தேதி. மூன்றாவது, வட்டத்துக்குள் 2 என்ற எண்ணை அடித்துக் காட்டிய குறி. மறுபடி பயன்படுத்தாதே என்பது அதன் பொருள்.

சில இடங்களில் பழைய ஊசியையே ஸ்பிரிட்டில் துடைத்தோ வெந்நீரில் போட்டோ எடுப்பார்கள். அது போதாது. சாதாரணமாகக் கொதிக்கும் நீர் 100 டிகிரி. சில கிருமிகளின் வித்துகள் அதில் சாகாது. ஆட்டோகிளேவில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரிக்குப் போகும். அதில் குறைந்தது 15 நிமிடம் இருக்க வேண்டும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவம்தான். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசியால் மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். எனவே புது ஊசி, நம் கண் எதிரே பிரிக்க வேண்டும். இதில் கூச்சமே கூடாது.

மாத்திரையை விடலாமா?

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எங்க பெரியப்பா கைத்தறி நெசவாளர். ஆறு வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். கால் மதமதப்புக்காக ஒருவரிடம் போனார். ஊசிகூட இல்லை, கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாத்திரை எல்லாம் விஷம், இன்னையோட விட்டுடுங்க, உடம்பு தானா சரி பண்ணிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா விட்டுவிட்டார். நாலு மாசம் போயிற்று. வலது காலில் கல் குத்தின புண் ஆறவே இல்லை. உணர்ச்சி குறைந்த கால் என்பதால் வலியும் தெரியவில்லை. அது 'கழிவு வெளியேறுது' என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். குழித்தறியில் மிதியை மிதிக்கிற கால் அது. இப்போது அவர் நெய்வதில்லை, பெரியம்மாவோடு உட்கார்ந்து நூல் சுற்றுகிறார்.

வலியைக் குறைப்பது வேறு, சர்க்கரையைக் குறைப்பது வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய், இதயநோய், தைராய்டு ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. அக்குபஞ்சரை மருந்தோடு கூடச் சேர்த்துக்கொள்ளலாம், மருந்தின் இடத்தில் வைக்கக்கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடம் மறுபடி போகாதீர்கள்.

போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டதா? இது நம்மை நாமே கேட்க வேண்டியது. இடுப்பு வலியோடு காலில் பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், கீழே விழுந்த அடி இருந்தால் ஊசிக்கு முன் ஆஸ்பத்திரிதான். நெஞ்சுவலி, ஒருபக்கம் திடீரென்று மரத்துப்போதல், பாம்புக்கடி, நாய்க்கடி என்றால் யோசிக்கவே வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

2. நீங்க என்ன படிச்சிருக்கீங்க? மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2003-ஆம் ஆண்டு ஆணை, பதிவு பெற்ற மருத்துவரோ தகுந்த பயிற்சி பெற்றவரோ இதைச் செய்யலாம் என்றது. ஐந்தரை ஆண்டு படிக்கிற இயற்கை மற்றும் யோகா மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபஞ்சரும் உண்டு. சில நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

3. எத்தனை தடவை வரணும், மொத்தம் எவ்வளவு ஆகும்? ஜெர்மனி சோதனையில் 10 முதல் 15 தடவை செய்தார்கள். நம் பெற்றோருக்கு ஒரு தடவை என்றால் அரை நாள் கூலி போகிறது, பஸ் செலவு வேறு. பத்து தடவைக்குள் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

4. குணமாகலைன்னா யார்கிட்ட அனுப்புவீங்க? "இங்கேயே எல்லாம் சரியாயிடும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது, கர்ப்பம், சர்க்கரை நோய், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பது ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஊசியில் மின்சாரம் விடும் முறைக்குச் சம்மதிக்கக்கூடாது. கால் மரத்த சர்க்கரை நோயாளிகள் மூலிகை கொளுத்திச் சூடு காட்டும் முறையைத் தவிர்க்க வேண்டும். சுட்டாலும் தெரியாது.

குத்தும்போதும் பிறகும்

வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரும். முதல் தடவை படுத்துக்கொண்டே செய்துகொள்வது நல்லது. உள்ளே போன ஊசி எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று கூடப் போனவர் எண்ண வேண்டும். குத்திய இடத்தில் மந்தமான கனம் தெரிவது இயல்பு.

ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. அதில் நூற்றுக்குச் சுமார் 8.6 பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு இருந்தது. பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, கன்றிப்போதல்தான். இரண்டு பேருக்கு மட்டும் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது. ஆகவே நெஞ்சிலோ முதுகிலோ குத்திய பிறகு, சில மணி நேரம் கழித்துக்கூட, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி குத்திய விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள்

அப்பாவுக்கு முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் கோளாறு இல்லை என்று தெரிந்துகொண்டோம். பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியின் இயற்கை மருத்துவப் பிரிவில் ஊசி ஆரம்பித்தோம். வலி இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10 என்று வைத்து, தினமும் இரவு அப்பாவைக் கேட்டு எழுதினேன். லேப் ரெக்கார்டு மாதிரி கிராஃபும் போட்டேன். எட்டுத் தடவையில் 7-லிருந்து 4-க்கு வந்தது. ஊசியால் குறைந்ததா, அந்த நாட்களில் மூட்டை தூக்காமல் இருந்ததால் குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் காசும் நேரமும் எதற்குப் போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

முடிவுரை

நண்பர்களே! அக்குபஞ்சர் ஏமாற்று வேலை என்றோ, சகல நோய்க்கும் சஞ்சீவி என்றோ நான் சொல்லவில்லை. ஒரு போல்ட்டை வாங்கும்போதுகூட அளவு என்ன, எந்த எஃகு, எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். உடம்பில் குத்துகிற ஊசிக்கு அதைவிட அதிகமாகவே கேட்கலாம். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் கைகட்டி நிற்கிற பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. அவர்கள் கூடப் போய், அவர்களுக்காக நாம் கேட்போம். முதலில் விசாரிப்போம், மருந்தை விடாமல் இருப்போம், பிறகு வேண்டுமானால் ஊசி குத்திக்கொள்வோம்!