‘டைம்’ என்பதற்கு ஸ்பானிஷில் என்ன? தமிழில் கேட்டுப் பாருங்கள்

ஸ்பானிஷ் படிக்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறோம். பாடநூல் ஆங்கிலம், செயலி ஆங்கிலம், அகராதியும் ஆங்கிலம். அதனால் வரும் சங்கடங்களில் முதன்மையானது ‘டைம்’. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பெயர்ச்சொல் இதுதான் என்று 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். நேரம், மணி, தடவை, காலம் எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரே சொல். ஸ்பானிஷ் அப்படியில்லை, நம்மைப் போல ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

முதல் வேலை, சொல்ல நினைத்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது. ‘டைம் இல்ல’ என்று நாக்கு தானாகச் சொன்னால் செல்லாது. நேரமா, மணியா, தடவையா, காலமா என்று முடிவு செய்த பிறகுதான் ஸ்பானிஷ் பக்கம் போக வேண்டும்.

‘மணி’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஓரா’ போடலாம். மணி என்ன என்று கேட்க ‘கே ஓரா எஸ்’. ஒரு மணி என்றால் ஒருமையில் ‘எஸ் லா ஊனா’. இரண்டு மணியிலிருந்து பன்மை, ‘ஸோன் லாஸ் தோஸ்’. இரண்டு மணி நேரம் என்று நீளத்தைச் சொன்னாலும் ‘தோஸ் ஓராஸ்’தான். இங்கே ‘கே தியெம்போ ஆஸே’ என்று கேட்டுவிட்டால், வெயிலா மழையா என்று பதில் வரும். ‘தியெம்போ’ என்ற சொல்லுக்கு வானிலை என்றும் பொருள்.

‘தடவை’ வந்தால் ‘பெஸ்’. பகரத்தை ‘பஸ்’ என்பதில் வருவது போல ஒலியுங்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் கடைசி ஒலி ‘பெத்’ என்று கேட்கும். பன்மை ‘பெஸெஸ்’. முதல் தடவை ‘லா ப்ரிமேரா பெஸ்’, மறுபடியும் என்பதற்கு ‘ஓத்ரா பெஸ்’, மூன்று மடங்கு பெரியது என்றாலும் ‘த்ரெஸ் பெஸெஸ்’. இந்தச் சொல்லின் குடும்பம் பெரிது. முழுதாகப் பழகிக்கொள்வது நல்லது. ‘ஆ பெஸெஸ்’ என்றால் சில வேளை. ‘தால் பெஸ்’ என்றால் ஒருவேளை. வேளை என்ற சொல்லிலிருந்து நாம் சந்தேகத்துக்கு ஒரு சொல் செய்துகொண்டது போலவே அவர்களும் செய்திருக்கிறார்கள். ஆங்கில வழியில் வருபவர் இதைத் தனியாக நெட்டுரு போட வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

‘நேரம்’ வரும்போதுதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நேரம் இருக்கிறது, இல்லை, போதவில்லை என்று அளவைச் சொன்னால் ‘தியெம்போ’. எனக்கு நேரமில்லை, ‘நோ தெங்கோ தியெம்போ’. ஆனால் சாப்பிடும் நேரம் வந்துவிட்டது என்பது அளவு இல்லை, வேளை. அங்கே ‘எஸ் ஓரா தே கொமேர்’. ‘நேரமாச்சு’ என்று நாம் அலுத்துக்கொள்வது இரண்டுமே இல்லை. ‘எஸ் தார்தே’, தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பொறுங்கள் என்பதற்கு ‘ஊன் ராத்தோ’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. பேச்சில் அடிக்கடி காதில் விழும்.

‘காலம்’ என்றால் ‘எப்போக்கா’, அல்லது ‘தியெம்போ’வின் பன்மையான ‘தியெம்போஸ்’. 1985-இல் வந்த, காலரா காலத்துக் காதலைச் சொல்லும் கார்சியா மார்க்கேஸின் நாவல் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆங்கிலத் தலைப்பில் காலரா காலம் ஒருமை. ஸ்பானிஷ் மூலத்தில் ‘லோஸ் தியெம்போஸ் தெல் கோலெரா’ என்று பன்மை. அதே ‘கோலெரா’ பெண்பாலில் வந்தால் கோபம் என்று பொருள். அது வேறு கதை.

தமிழில் இந்த நான்கும் வராத வாக்கியமென்றால், ஸ்பானிஷிலும் பெரும்பாலும் இவை வராது. விருந்தில் பொழுது நன்றாகப் போனது என்பதை ஆங்கிலத்தைப் பார்த்து, நல்ல ‘தியெம்போ’ இருந்தது என்று கட்டினால் கேட்பவர் முகம் சுளிப்பார். ஸ்பெயினில் ‘பஸார்லோ பியென்’, லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ‘பஸார்லா பியென்’ என்பதே வழக்கு. பெருக்கல் வாய்ப்பாட்டில் ‘தோஸ் போர் த்ரெஸ்’. அதில் நேரமும் இல்லை, தடவையும் இல்லை.

கடைசியாக, தேர்ந்தெடுத்த சொல்லைத் திருப்பிச் சரிபாருங்கள். 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொருள் முழுதும் புரியாவிட்டாலும் அதிலுள்ள எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். ஆங்கில அகராதி முதலில் காட்டும் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட இது பாதுகாப்பானது.

இந்த உத்தி ‘கார்னர்’ போன்ற சொல்லுக்கும் உதவும். தெருமுனை ‘எஸ்கீனா’, அறையின் மூலை ‘ரின்கோன்’. முனையும் மூலையும் நமக்கு முன்பே வேறுவேறு. எல்லா இடத்திலும் பலிக்குமா என்றால், பலிக்காது. உயிரோடு நீந்தும் மீன் ‘பெஸ்’ (ஆம், தடவைக்கு உள்ள அதே ஒலி, ஆனால் பகரத்தை ‘பல்’ என்பதில் போல ஒலிக்க வேண்டும்), சட்டியில் விழுவது ‘பெஸ்காதோ’. நமக்கு இரண்டும் மீன்தான். ‘தெரியும்’ என்ற சொல்லும் அப்படியே. நீச்சல் தெரியும் என்றால் ‘ஸபேர்’, மதுரை தெரியும் என்றால் ‘கொனொஸேர்’. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.