நிசேயாவில் சேர்த்த ஒரு சொல்

ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்கிறோம். வாய் சொல்லும், மனமோ வீட்டில் கொதிக்கும் குழம்பைச் சுற்றி வரும். அதில் 'ஒரே பொருளானவர்' என்று ஒரு சொல் வருகிறதல்லவா? "பொருள் என்றால் கடையில் வாங்குவதுதானே, சிஸ்டர்?" என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அந்தச் சொல்லுக்காகத் திருச்சபை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் போராடியது.

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்றொரு குரு இருந்தார். இறைமகன் எல்லாவற்றிலும் உயர்ந்தவர்தான். ஆயினும் தந்தையால் படைக்கப்பட்டவரே என்று அவர் போதித்தார். அவரைப் பொல்லாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். கடவுள் ஒருவரே என்பதைக் காக்க நினைத்தே அப்படிச் சொன்னார்.

சச்சரவு பரவியது. பேரரசர் கொன்ஸ்தந்தீன் 325-ஆம் ஆண்டு ஆயர்களை நிசேயாவுக்கு அழைத்தார். இன்று அது துருக்கியில் இஸ்னிக் என்னும் ஏரிக்கரை ஊர். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு, சற்றுக் குறைவாயிருக்கலாம். 303-இல் தொடங்கிய பெரும் வேதகலாபனை ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை. அதன் தழும்புகளோடு சிலர் வந்து அமர்ந்தார்கள் என்று பழைய வரலாறு கூறும்.

அவர்கள் சேர்த்த கிரேக்கச் சொல் 'ஹோமோஊசியோஸ்'. அது வேதாகமத்தில் இல்லாத சொல். ஆரியுஸை ஏற்காத சிலரே இதனால் தயங்கினார்கள். ஆனால் வேதாகமச் சொல் எதைச் சொன்னாலும் ஆரியுஸின் பக்கத்தார் தங்கள் கருத்துக்கேற்ப அதை விளக்கிக்கொண்டார்கள். வேறு வழியில்லை.

குயவர் பானை வனைகிறார். எத்தனை அழகான பானையானாலும் அது குயவராகாது. தாய் பிள்ளை பெறுகிறாள். பிள்ளை தாயின் இயல்பையே கொண்டது. இறைமகன் பானையா, பிள்ளையா? இதுதான் வழக்கு. உவமை முழுவதும் பொருந்தாது. தாய் முந்தியவள், பிள்ளை பிந்தியது. தந்தைக்கும் மகனுக்கும் முன்பின் இல்லை. ஆகவே திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் ஒளியை உவமையாகக் கொண்டார்கள். சூரியன் இருக்கும்போதே கதிரும் இருக்கிறதே!

"யாராயிருந்தால் என்ன, நமக்காக இறந்தாரே, அது போதாதா?" என்று கேட்கலாம். அலெக்சாந்திரியா ஆயரோடு தியாக்கோனாக வந்திருந்த அத்தனாசியார் போதாது என்றார். மகன் படைக்கப்பட்டவரானால், கடவுள் தாம் தொலைவில் நின்றுகொண்டு வேறொருவரை நம்மிடம் அனுப்பினார் என்றாகும். படைப்பு ஒன்று மற்றப் படைப்புகளைக் கடவுளோடு இணைக்க முடியுமா? மகன் பெயராலும் ஞானஸ்நானம் பெறுகிறோமே, அது ஒரு படைப்பின் பெயராலா?

சங்கம் முடிந்தும் சண்டை முடியவில்லை. பேரரசர்கள் மாற மாற ஆரியுஸின் கட்சி தலையெடுத்தது. 328-இல் ஆயரான அத்தனாசியார் ஐந்து முறை துரத்தப்பட்டு, ஏறக்குறைய 17 ஆண்டுகளை ஊருக்கு வெளியே கழித்தார், 373-இல் இறந்தார். 381-இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் அந்தச் சொல்லை உறுதிசெய்ததை அவர் காணவில்லை. தூய ஆவியைப் பற்றிய பகுதி விரிவானதும் அச்சங்கத்தில்தான். நாம் சொல்வது அந்த வடிவமே. கீழைத் திருச்சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாரும்கூட இதைச் சொல்கிறார்கள். 2025 நவம்பரில் திருத்தந்தை 14-ஆம் லியோவும் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயுவும் இஸ்னிக் ஏரிக்கரையில் சேர்ந்து செபித்தார்கள்.

மகன் மனிதரானார் என்று சொல்லும் இடத்தில் தலை வணங்குகிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மார்ச் 25-ஆம் நாளிலும் முழந்தாளிடுகிறோம். ஏன் என்று வகுப்பில் கேட்டேன். கடைப்பொருள் கேட்ட அதே சிறுமிதான் எழுந்தாள்.

"பானையாயிருந்தால் முழந்தாளிடக் கூடாதே, சிஸ்டர்!"