டீசல் ஏறாத வண்டி: ஃபீட் பம்பை நாமே மாற்றலாம்

விதையைச் சொந்தமாக்கிக்கொண்டோம், உரத்தைக் கொட்டகையிலேயே தயாரிக்கிறோம். அதற்கப்புறமும் கையில் இருக்கிற காசு கரைகிற இடம் ஒன்று இருக்கிறது. அது வண்டி.

என்னுடையது பழைய டீசல் பிக்கப். தொழு உரம், வைக்கோல் கட்டு, பஞ்சகவ்யா டிரம், நெல் மூட்டை எல்லாமே அதில்தான் போகும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது வண்டி தண்ணீரில் நின்றது. அந்தத் தை மாதம், சம்பா அறுவடை நடக்கும்போது கோளாறு தலைகாட்டியது. வெறும் வண்டியாக நன்றாக ஓடும். பாரம் ஏற்றிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறினால் இழுக்காது, மூச்சு வாங்கும். பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடி மழை. களத்தில் நெல் கிடக்க, மெக்கானிக் வருகைக்காகக் காத்திருக்க முடியுமா?

டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாக இன்ஜெக்ஷன் பம்புக்கு அனுப்புவதுதான் ஃபீட் பம்ப். நம்ம வீட்டு அடிபம்பு மாதிரியேதான். கைப்பிடிக்குப் பதில் இன்ஜினுக்குள் சுற்றும் கேம் ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது ரப்பர் டயாபிரத்தை இழுக்க, டீசல் உள்ளே வரும். ஸ்பிரிங் திருப்பித் தள்ள, வெளியே போகும். இரண்டு சின்ன வால்வு டீசலைத் திரும்ப விடாமல் பிடிக்கும். டயாபிரம் கிழிந்தாலோ, வால்வில் துரு, தூசி சிக்கினாலோ வேலை கெட்டது.

ஆனால் உடனே பம்பைக் கழற்றக் கூடாது. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். ஃபில்டர் அடைப்பு, அடியில் தேங்கிய தண்ணீர், ஹோஸில் விரிசல் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். பம்புக்கு முன்னால் உள்ள ஹோஸ் வெடித்திருந்தால் டீசல் சொட்டாமலும் இருக்கலாம். ஓடும்போது காற்றைத்தான் இழுக்கும். அதனால் பல பேர் ஏமாந்துபோகிறார்கள். ஒரு சோதனை: சுத்தமான டீசல் கேனிலிருந்து புது ஹோஸைப் பம்புக்கு நேராகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம், பம்பில் இல்லை.

பம்பின் வயிற்றில் உள்ள சின்ன ஓட்டையில் டீசல் கசிந்தால் டயாபிரம் போய்விட்டது. ஆயில் குச்சியையும் உருவிப் பாருங்கள். அளவு கூடி, ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடித்தால் டீசல் கீழே இறங்குகிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் தேயும். பம்பு செலவு போய் இன்ஜின் செலவாகிவிடும்.

மாற்றுவதற்கு இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, பம்பைச் சுற்றி உள்ள சேற்றைப் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள். நாம் மண்புழுவை வளர்க்கிற தரையில் டீசல் ஒரு சொட்டும் விழ வேண்டாம். எந்தக் குழாய் வரவு, எது போக்கு என்று நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு கழற்றி, டேங்க் குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். பிறகு இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தினால் பம்பு வந்துவிடும். ஓட்டையில் துணி திணித்துவிட்டுத்தான் பழைய பேக்கிங்கைச் சுரண்ட வேண்டும். துகள் உள்ளே விழக் கூடாது.

அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது பேக்கிங்கில். பழையது எத்தனை கனமோ அதே கனம் வேண்டும். கனம் கூடினால் நெம்புகோல் கேமைச் சரியாகத் தொடாது, பம்பு குறைவாகத் தள்ளும். மெலிந்தால் நெம்புகோல் உடையலாம். புதுப் பம்பைப் பழையதோடு பக்கத்தில் வைத்து, நெம்புகோல் நீளம், வளைவு இரண்டையும் ஒத்துப் பாருங்கள். உட்காரவில்லை என்றால் போல்ட்டால் இழுத்து இறுக்காதீர்கள். கேம் மேடு தடுக்கிறது. இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கேம் அரைச் சுற்று நகரும், தானாக உட்காரும். குழாய் போல்ட்டுகளுக்குப் புதுக் காப்பர் வாஷர் போடுங்கள்.

பிறகு காற்றெடுப்பது. வறண்ட அடிபம்பில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவோமே, அந்த வேலைதான். ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை நெம்புகோலை அடித்தால் நுரை வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் அடித்துக்கொண்டே மூடுங்கள். இன்ஜெக்ஷன் பம்பிலும் அப்படியே. பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட்டரைப் பதினைந்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றாமல், விட்டுவிட்டுச் சுற்றுங்கள். இன்ஜெக்டர் பீச்சும் இடத்தில் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னக் காயம்போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

காமன் ரயில் இன்ஜின் உள்ள புது வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது, அதில் கை வைக்காதீர்கள்.

ஆயிலில் டீசல் கலந்திருந்தால் ஆயிலையும், ஆயில் ஃபில்டரையும் அன்றே மாற்றுங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம். மறுநாள் காலை ஆயில் குச்சியை இன்னொரு தடவை உருவிப் பாருங்கள், அளவு ஏறாமல் இருந்தால் மூட்டையை ஏற்றலாம்.