சீருடையைக் கழற்றிய பிறகு

ஓமந்தூர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். என்.சி.சி. முகாமிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டும், பணி முடிந்ததும் தேர்தலில் நின்று மக்களுக்கு உழைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால், "ராணுவத்தில் இருந்தவர்கள் வந்தால் அரசியல் தானாகச் சுத்தமாகிவிடும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில் ஒரு விதி. பணியில் இருக்கும்வரை படைவீரர் கட்சியில் சேரக் கூடாது, தேர்தலில் நிற்கக் கூடாது. வாக்களிக்கலாம். துப்பாக்கி ஏந்திய கையில் கட்சிக்கொடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அக்கம்பக்கத்து நாடுகள் அனுபவித்துவிட்டன. அந்த விதியைப் பெருமையோடு ஏற்றுக்கொள்.

அப்படி இருந்துவிட்டு மக்கள் மன்றத்துக்கு வந்தவர்களில் புவன் சந்திர கந்தூரியை நீ அறிந்துகொள்ள வேண்டும். 1954 முதல் 1990 வரை ராணுவத்தில் இருந்தார். பொறியாளர் பிரிவு. மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்ற மறு ஆண்டே கட்வால் தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். வாஜ்பாய் ஆட்சியில் நெடுஞ்சாலைத் துறை அவரிடம் வந்தது. டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை வேகம் பிடித்தது அந்த ஆண்டுகளில்தான்.

சாலையைவிடப் பெரிதாக நான் மதிப்பது வேறொன்றை. 2018 மார்ச்சில், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவராக அவர் ஓர் அறிக்கை தந்தார். ராணுவத்தின் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, நவீனமானவை வெறும் 8 சதவீதம் என்று தரைப்படைத் துணைத் தளபதியே குழுவின் முன் சொன்னது அதில் பதிவானது. நவீனமயமாக்கலுக்கு ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே வாங்க ஒப்பந்தமானவற்றுக்குக் கொடுக்க வேண்டியதோ 29,033 கோடி. அப்போது ஆட்சியில் இருந்தது அவருடைய சொந்தக் கட்சி! அந்தச் செப்டம்பரில் குழுவின் தலைமை வேறொருவருக்குப் போனது. படைவீரர் ஒருவர் சட்டமியற்றும் அவைக்கு வருவதால் நாட்டுக்குக் கிடைக்கும் உண்மையான பயன் இதுதான் என்பேன். எல்லையில் நிற்கும் சிப்பாயின் கையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைக் கணக்கோடு அவைக்குக் கொண்டுவந்தார்.

ஆனால், நல்லவர் ஒருவர் வந்ததால் மட்டும் எல்லாம் தானாகக் கைகூடிவிடாது என்ற இன்னொரு பக்கமும் உண்டு. அவர் உத்தராகண்டில் இரண்டு முறை முதலமைச்சராக இருந்தார். ஊழல் புகாரில் முதலமைச்சரையே விசாரிக்க வகைசெய்யும் லோக்ஆயுக்தா மசோதாவை 2011இல் நிறைவேற்றினார். மறு ஆண்டுத் தேர்தலில் கோட்துவார் தொகுதியில் அவரே தோற்றார். அவர் கட்சிக்கு 31 இடம், காங்கிரசுக்கு 32. ஆட்சி போனது.

கந்தூரியைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் ஊர்க்காரர் நினைவு வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சீருடை அணிந்தவரல்லர். விவசாயி, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை, இரண்டே ஆண்டுகள்தாம் சென்னை மாகாணத்தின் பிரதமர் (இன்றைய சொல்லில் முதலமைச்சர்). அதற்குள் ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஹைதராபாத்தில் ரசாக்கர்கள் என்ற ஆயுதக் குழுவினரின் கொடுமைக்கு அஞ்சி மக்கள் எல்லை தாண்டி மாகாணத்துக்குள் ஓடிவந்த நாட்களிலும் பொறுப்பில் இருந்தவர் அவரே. சொந்தக் கட்சியினர் கொண்டுவந்த சிபாரிசுகளுக்கு அவர் வளையவில்லை. எதிர்ப்பு வலுத்தது. பதவியை விட்டார். பிறகு வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகவும் கல்விக்காகவும் உழைத்தார்.

கட்டுப்பாடும் நேர்மையும் பாசறையில்தான் விளையும் என்று நீ நினைத்தால், இந்த ஊரின் பெயரே உனக்குப் பதில். சென்னையில் அரசினர் தோட்டத்துக்கே அந்தப் பெயர்தானே.

ஒன்றை மட்டும் நீ இப்போதே பழக வேண்டும். படையில் உத்தரவு போட்டால் வேலை நடக்கும். சட்டமன்றத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உன் கீழ்ப் பணியாளர் அல்லர். உன்னைப் போலவே மக்கள் அனுப்பி வந்தவர். அவரைப் பேசவிட்டுக் கேட்கவும், கூட்டிச் செல்லவும் வேண்டும். பணத்தில் வளையாதே, பேச்சில் வளைந்து கொடு. இந்த இரண்டாவதில்தான் நேர்மையாளர் பலர் தவறிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆகஸ்ட் 15 அன்று காலை கல்லூரியில் அணிவகுப்பு முடிந்ததும் திண்டிவனத்தில் பஸ் ஏறி வா. சீருடையை மாற்றிக்கொள். கிராம சபை கூடும். உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீயும் அதில் உறுப்பினர். எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து, இந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லி முதல் ஆளாகக் கேள்.

அன்புடன்,
உன் பெரியப்பா