மலை ஏறும் மின்சார சைக்கிள்

மின்சார சைக்கிள் செய்யப்போகிறேன் என்று வகுப்பில் வாய் திறந்தால் முதல் கேள்வி, "எத்தனை வாட் மோட்டார்?" அடுத்தது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" இரண்டும் சமதரையில் ஓட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள். நம்ம திருத்தணி மாதிரி மலையடிவாரத்து ஊரில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஏற்றத்தில் மோட்டாருக்குள் எத்தனை ஆம்பியர் ஓடும், எத்தனை நிமிஷம் ஓடும்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மோட்டார், கண்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் தேர்ந்தெடுப்பது சுலபம்.

நான் இந்தக் கணக்கில் இறங்கக் காரணம் எங்கள் தெருப் பூக்கார அண்ணன். விடியற்காலையில் மலைமேல் கடைகளுக்குச் சைக்கிளில் பூக்கூடை கொண்டுபோகிறவர். சாதாரண நாளில் ஒரு நடை, இரண்டு நடை. கிருத்திகை என்றால் நாலு, ஐந்து. ஏற்றத்தில் முக்கால்வாசி தூரம் தள்ளிக்கொண்டுதான் போவார். "தம்பி, நீ கரண்டு படிக்கிறியே, இதுக்கு ஒரு மோட்டார் மாட்டித் தர முடியாதா?" என்று கேட்டார். முடியும்தான். ஆனால் போடப்போவது அவருடைய காசு. ஆடிக் கிருத்திகை அன்று நடுவழியில் மோட்டார் புகைந்தால் அன்றைய வியாபாரமே போச்சு. எனவே எதையும் வாங்குவதற்கு முன்னால் காகிதத்தில் மலை ஏறிப் பார்த்தேன்.

ஹப் மோட்டார் என்பது சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் மோட்டார். புதுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்துக் கான்டன் ஊர்க்காரர் ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31-ல் காப்புரிமை பெற்ற சைக்கிளிலேயே பின்சக்கரத்துக்குள் மோட்டார் இருந்தது. 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. (டிசம்பர் 31 நமக்குப் படித் திருவிழா நாள்! தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.) அந்த மோட்டாரில் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் உண்டு. இப்போது வருகிறவற்றில் இரண்டும் கிடையாது. ஸ்டேட்டர் சுற்றுகள் அச்சோடு அசையாமல் நிற்கும். காந்தம் ஒட்டிய பகுதி சுற்றும். கம்யூட்டேட்டர் பார்த்த வேலையைக் கண்ட்ரோலருக்குள் இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் பார்க்கின்றன. எந்த நேரத்தில் எந்தச் சுற்றுக்குக் கரண்ட்டை மாற்றுவது என்று மூன்று ஹால் சென்சார்கள் சொல்லும். மூன்று தடித்த வயர், ஐந்து மெல்லிய வயர். சாதாரண மோட்டாரிலிருந்து வெளியே வருவது அவ்வளவே.

இப்போது கணக்கு. மலைப்படி 365. ஒரு படி அரை அடி, அதாவது 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் உயரம் சுமார் 55 மீட்டர். அண்ணன் 55 கிலோ, சைக்கிள் மோட்டார் பேட்டரி எல்லாம் சேர்த்து 27, பூ 18. ஆக மொத்தம் 100 கிலோ. இதை 55 மீட்டர் தூக்க 100 × 9.8 × 55 = 53,900 ஜூல் வேண்டும். வாட்-அவரில் சொன்னால் 15. ஆமாம், பதினைந்தேதான்! 15 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிகிற செலவில் ஆளும் பூவும் மலை ஏறிவிடலாம். இதைப் பார்த்ததும், மலை ஏறுவதற்குப் பெரிய பேட்டரி வேண்டும் என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் கஷ்டம் எங்கே? இழுவையில். செங்குத்தான மலைச்சாலையில் இந்தியச் சாலைப் பேரவை விதிவிலக்காக மட்டுமே அனுமதிக்கும் சரிவு 100-க்கு 8. கோயில் சாலை நெடுக அப்படி என்று நான் சொல்லவில்லை, சிவில் பிரிவு நண்பர்கள் ட்யூப் லெவலோடு வந்தால் சேர்ந்தே அளக்கலாம். மோசமான நிலைக்குக் கணக்குப் போட்டு வைத்தால் பிறகு பயமில்லை என்பதால் 8-ஐ எடுத்துக்கொண்டேன். சரிவுக்கு எதிராக 100 × 9.8 × 0.08 = 78 நியூட்டன். டயர் உருளும் தடை சுமார் 10. கூட்டினால் 88 நியூட்டன். 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 0.33 மீட்டர். ஆகவே டார்க், அதாவது முறுக்குவிசை, 29 நியூட்டன்-மீட்டர்.

36 வோல்ட்டில் சும்மா சுற்றவிட்டால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் காட்டும், பல்சக்கரம் இல்லாத நேரடி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 25.3 ரேடியன் சுற்றும். 36-ஐ 25.3-ஆல் வகுத்தால் 1.42. டி.சி. மெஷின் பாடத்தில் படித்த டார்க் மாறிலி இதுவே: ஒரு ஆம்பியருக்கு 1.42 நியூட்டன்-மீட்டர். 29 வேண்டுமானால் 20 ஆம்பியர். சுற்று, வயர், மாஸ்ஃபெட் எல்லாம் சேர்த்து ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓம் என்றால் வெப்பமாகப் போவது 20 × 20 × 0.3 = 120 வாட். இதே ஆள் இதே பாரத்தோடு அரக்கோணம் ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றுத் தடை சேர்த்தும் 21 நியூட்டன், 7 நியூட்டன்-மீட்டர், 5 ஆம்பியர். வெப்பம் ஏழரை வாட். ஏற்றத்தில் இழுவை நாலு மடங்கு ஆனது, சூடு பதினாறு மடங்கு ஆகிவிட்டது.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். பேட்டரி வயரில் அம்மீட்டர் போட்டுப் பார்த்தால் இந்த 20 ஆம்பியர் தெரியாது. 10 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டாரின் எதிர் மின்னழுத்தம் 12 வோல்ட், ரெசிஸ்டன்ஸில் விழுவது 6, ஆக மோட்டாருக்குப் போவது 18 வோல்ட், 20 ஆம்பியர், 360 வாட். அதே 360 வாட் பேட்டரிப் பக்கத்தில் 36 வோல்ட், 10 ஆம்பியர். கண்ட்ரோலர் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி நடந்துகொள்கிறது. "பத்து ஆம்பியர்தானே போகுது" என்று நிம்மதியாக இருந்தால் உள்ளே சுற்று வெந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, நம்ம பழக்கத்துக்கு நேர் எதிரானது. ஏற்றத்தில் மெதுவாகப் போனால் மோட்டாருக்கு நல்லது என்று நினைப்போம். அது தப்பு. டார்க்கைத் தீர்மானிப்பது சரிவு, வேகம் இல்லை. 5 கிலோமீட்டரில் போனாலும் அதே 29, அதே 20 ஆம்பியர், அதே 120 வாட் சூடு. நேரம் மட்டும் இரட்டிப்பு. 55 மீட்டர் உயரத்துக்கு 8 சதவீதச் சரிவில் பாதை 690 மீட்டர். 10 கிலோமீட்டர் வேகத்தில் 250 விநாடி, 30 கிலோ ஜூல் சூடு. 5 கிலோமீட்டரில் 60. திராட்டிலைத் திருகிப் பிடித்தபடி ஏற்றத்தில் அசையாமல் நின்றால் உள்ளே போவது அத்தனையும் சூடு.

30 கிலோ ஜூல் என்ன செய்யும்? ஸ்டேட்டரின் இரும்பும் செம்பும் 3 கிலோ என்றால் சுமார் 23 டிகிரி ஏறும். ஒரு நடைக்கு ஒன்றும் ஆகாது. கத்திரி வெயிலில் 40-ல் தொடங்கி 63, இறங்கி வந்து கூடை ஏற்றுவதற்குள் ஏறின சூட்டில் பாதி ஆறுகிறது என்று வைத்தாலும் அடுத்த நடை 75, மூன்றாவது நடை 80. சாதாரண ரக நியோடிமியம் காந்தத்துக்கு எல்லையே 80 டிகிரிதான். அதற்கு மேல் காந்த சக்தி நிரந்தரமாகக் குறையத் தொடங்கலாம். கிருத்திகைக்கு நாலு ஐந்து நடை என்று சொன்னேனே, பிரச்சினை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

மருந்து கையில் இல்லை, காலில் இருக்கிறது. அண்ணன் 100 வாட் அளவுக்கு மிதித்தால் (உழைத்துப் பழகிய ஆளுக்கு நாலு நிமிஷம் பெரிய விஷயமில்லை) 36 நியூட்டன் அவர் பங்கு. மோட்டாருக்கு மீதி 52. கரண்ட் 12 ஆம்பியர். சூடு 120-லிருந்து 43 வாட்டாக இறங்கிவிடும். கொஞ்சம் மிதித்தாலே சூடு மூன்றில் ஒன்று! அதனால்தான் பெடல் சென்சார் வைத்து, மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும்படி அமைத்தேன்.

சட்டமும் இதே சூட்டைத்தான் பார்க்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் மின்சார சைக்கிளுக்குச் சொல்லியிருப்பது 30 நிமிட பவர் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள். அது உச்ச பவர் கிடையாது. அரை மணி நேரம் தொடர்ந்து தாங்கக்கூடிய பவர். இந்த வரம்பைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வந்து நிற்கும். 1000 வாட் கிட் வாங்கலாம் என்று யோசிக்கிற ஜூனியர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

மோட்டாரில் நான் எடுத்தது பல்சக்கரம் வைத்த 250 வாட் ஹப். உள்ளே மோட்டார் நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றும், பல்சக்கரம் வேகத்தைக் குறைத்து டார்க்கைப் பெருக்கும். அதே இழுவைக்கு உள்ளே வேண்டிய டார்க் நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று. நேரடி மோட்டாரைவிட எடையும் பாதிதான். குறை இல்லாமல் இல்லை: நைலான் பல் நாளடைவில் தேயும், உள்ளிருக்கும் சூடு வெளிக்கூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், இறக்கத்தில் பேட்டரிக்குத் திருப்பி எதையும் தராது. அதனால் இறக்கம் முழுக்க பிரேக் கட்டைகளை நம்பித்தான். 54 கிலோ ஜூலும் ரிம்மில்தான் சூடாக இறங்கும். முன், பின் இரண்டு பிரேக்கும் புதுக் கட்டையோடு இருக்க வேண்டும். லீவரைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம்.

இனி பேட்டரி. இதில் விளையாட்டு கூடாது. 2022 மார்ச்சில் நம்ம பக்கத்து வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷமே மத்திய அரசு மின்வண்டி பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கியது. நான் தேர்ந்தெடுத்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். குட்இனஃப் குழுவில் பாதி, நஞ்சுண்டசாமி என்ற இந்தியப் பெயர்களோடு 1997-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் பிறந்த ரகம். நிக்கல் ரக செல்லைவிட எடை கூடுதல், ஆனால் சூட்டில் சுலபமாகத் தீப்பற்றாது. நம்ம வெயிலுக்கு அதுவே சரி.

32700 அளவு செல், ஒன்று 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-அவர். 12 தொடர், 2 இணை, ஆக 24 செல், 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-அவர், 460 வாட்-அவர். மிதிக்காமல் ஒரு ஏற்றத்துக்கு ஆகும் செலவு 25 வாட்-அவர். எண்பது சதவீதமே பயன்படுத்தினாலும் 14 நடை வரும். மோட்டார்தான் முதலில் களைக்கும், பேட்டரி இல்லை.

செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிரிப்பான் சூட்டில் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யத்தான் வேண்டும். இணை சேர்க்கும் முன் எல்லாச் செல்லின் வோல்ட்டேஜும் ஒன்றாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். 20 ஆம்பியர் பி.எம்.எஸ்.; பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு 20 ஆம்பியர் ஃப்யூஸ். சார்ஜர் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. இந்தப் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் செல்லுக்கு 3.65, மொத்தம் 43.8 வோல்ட். நிக்கல் ரக 36 வோல்ட் பேட்டரியில் 10 செல் தொடர், முழுச் சார்ஜ் 42. இரண்டுக்கும் பிளக் ஒரே மாதிரி இருக்கும். 43.8 சார்ஜரை அதில் செருகினால் செல்லுக்கு 4.38 வோல்ட், 4.2-க்கு மேல் போகவே கூடாது. பி.எம்.எஸ். தடுத்தால் தப்பித்தோம், தடுக்காவிட்டால் தீ. அதனால் அண்ணனின் சார்ஜர் மேலும் பேட்டரிப் பெட்டி மேலும் ஒரே நிறப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். பொதுவாக லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கத்திரியில் வெயிலில் நின்ற சைக்கிளின் பெட்டிக்குள் அது சுலபமாக வந்துவிடும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தூங்கப்போகும் முன் இல்லாமல் விழித்திருக்கும் நேரத்தில், வாசல்படியை அடைக்காத இடத்தில் சார்ஜ் போட வேண்டும்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இரண்டு வேலை. நம்ம ஊர் ரோட்ஸ்டர் சைக்கிளில் முன் ரிம்முக்கு 32 ஓட்டை, பின்னுக்கு 40. ஹப் மோட்டார் பெரும்பாலும் 36. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் மாட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் ஓட்டையை எண்ணுங்கள். 36 ஓட்டை ரிம் தனியாக வாங்கியாக வேண்டும். பின் ஃபோர்க்கில் 135 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இரும்பு ஃபோர்க் என்றால் பார்த்து விரிக்கலாம், அலுமினியத்தில் அந்த வேலை வேண்டாம்.

அடுத்தது டார்க் ஆர்ம். சக்கரம் 29 நியூட்டன்-மீட்டர் டார்க்கில் முன்னே சுற்றினால் அச்சு அதே டார்க்கில் பின்னே சுற்றப் பார்க்கும். அச்சின் தட்டைப் பக்கம் 10 மில்லிமீட்டர். 29-ஐ 0.01-ஆல் வகுத்தால் 2,900 நியூட்டன், கிட்டத்தட்ட 300 கிலோ பாரம் அந்தச் சின்ன இடத்தில்! நட்டை மட்டும் நம்பினால் ஒருநாள் காடி விரிந்து, அச்சு சுற்றி, வயரெல்லாம் அறுந்து கையில் வரும். 6 மில்லிமீட்டர் எம்.எஸ். பிளேட்டில் 10 மில்லிமீட்டர் காடியை இறுக்கமாக அராவி, 10 சென்டிமீட்டர் தள்ளி ஃபிரேமில் கிளாம்ப் போட்டால் அங்கே வருவது 30 கிலோ மட்டுமே. முதல் வருஷ ஃபிட்டிங் பயிற்சியில் அராவிய அதே அராவல்தான், இப்போது சம்பளத்தோடு.

மோட்டாரைப் பிரித்தபோதே சுற்றின் மேல் ஒரு தெர்மிஸ்டர் ஒட்டி வயரை அச்சு வழியாக வெளியே எடுத்து ஹேண்டில்பாரில் சின்ன மீட்டர் வைத்துவிட்டேன். அண்ணனுக்கு ஆம்பியர், ஓம் எல்லாம் வேண்டாம். 70 வந்தால் இறங்கித் தள்ள வேண்டும், அவ்வளவுதான் அவருக்குச் சொன்னது. முதல் 50 கிலோமீட்டரில் புது ஸ்போக்ஸ் தளரும். சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்து, டார்க் ஆர்ம் கிளாம்பையும் அச்சு நட்டையும் ஒருமுறை முறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு கூடையில் முழுப் பாரம் ஏற்றலாம்.