டர்போ வண்டியும் முதல் பத்து நிமிடமும்



நமது வட்டியில்லாக் கடன் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் மருத்துவச் செலவு, கல்விக் கட்டணம், கடைக்கு முதலீடு என்றுதான் இருக்கும். சென்ற மாதம் வந்த ஒன்றில், காரணம் கேட்ட இடத்தில் "டர்போ மாற்ற" என்று எழுதியிருந்தது. எழுதியவர் வாடகைக் கார் ஓட்டும் நம் மஹல்லாத் தம்பி. பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வண்டி இழுக்கவில்லை, சைலன்சரில் நீலப் புகை, வேகமெடுத்தால் விசில் அடிப்பது போல் சத்தம், ஆயிலும் குறைந்துகொண்டே போகிறது. வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போன நாளிலிருந்து வீட்டில் வருமானம் இல்லை.

குழுவில் யாருக்கும் டர்போவைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை, எனக்கும்தான். ஆகவே நானே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மெக்கானிக்கிடம் கேட்டேன். பிறகு கொஞ்சம் படித்தும் பார்த்தேன். இன்று ஓடும் டீசல் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டர்போ உண்டு. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் வந்துவிட்டது. உங்கள் வீட்டு வண்டியிலும் இருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்கு வேகமும் சூடும் உண்டு. அது வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் டீசலும் கூட எரியும். சிறிய இஞ்சினும் பெரிய இஞ்சின் போல் இழுக்கும். ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

வீட்டு ஃபேன் நிமிடத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் சுற்று சுற்றும். வண்டியை விரட்டும்போது டர்போவின் தண்டு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டைத் தாங்குவது பால் பேரிங் அல்ல, மெல்லிய ஆயில் படலம்தான். தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஆயில் தொடர்ந்து ஓடினால் உலோகமும் உலோகமும் தொடாது. ஓட்டம் குறைந்தால் உரசும். ஒருமுறை உரசிய தேய்மானம் திரும்பச் சரியாகாது.

"நம்மூரில் பனியா பெய்கிறது, வண்டியைச் சூடேற்ற?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். இஞ்சின் ஆயில் நூறு டிகிரி அளவில் வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்டது. பலரும் ஊற்றும் 5டபிள்யூ-30 ரக ஆயில் 40 டிகிரியில் அதைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டி. நம்மூர் மார்கழி விடியலின் இருபது சொச்சம் டிகிரியில் இன்னும் கெட்டி. தேனைக் குளிர்ந்த நிலையில் ஊற்றுவதற்கும் சூடாக்கி ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கெட்டி ஆயில் பம்ப்பில் அழுத்தத்தைக் காட்டுமே தவிர, நுண்ணிய இடைவெளிகளுக்குள் வேண்டிய அளவு ஓடாது. அலுமினிய பிஸ்டனும் இரும்பு பிளாக்கும் ஒரே வேகத்தில் விரிவதில்லை என்பது இன்னொரு சங்கடம்.

அந்தத் தம்பியின் வீடு பைபாஸை ஒட்டியே இருக்கிறது. விமான நிலையத்துக்கு விடியற்காலைச் சவாரி. சாவி போட்ட இரண்டாவது நிமிடம் பைபாஸ், மூன்றாவது நிமிடம் நூறு கிலோமீட்டர் வேகம். தினமும் இப்படித்தான். ஆயில் மாற்றுவதையும் கெடு தாண்டித் தள்ளிப்போட்டிருக்கிறார். ஆகவே பழி முழுவதையும் காலைப் பழக்கத்தின் மீது போட முடியாது. இரண்டும் சேர்ந்துதான் வேலையைக் காட்டின.

அப்படியானால் காலையில் பத்து நிமிடம் வாசலில் இஞ்சினை ஓடவிடலாமா? நம்மில் பெரியவர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள். அது பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். நின்ற இடத்தில் ஓடும் டீசல் இஞ்சின் சீக்கிரம் சூடேறுவதே இல்லை. பெட்ரோல் இஞ்சினிலோ எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிடுவது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். ஷெட்டை ஒட்டிப் படுக்கையறை உள்ள வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன.

சரியான முறை எளிது. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். சீட் பெல்ட் போட்டுக் கண்ணாடியைச் சரிசெய்ய அந்த நேரம் போதும். பிறகு மெதுவாகப் புறப்பட வேண்டும். முதல் பத்து நிமிடம் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்காமல், டீசல் என்றால் இரண்டாயிரம் சுற்றுக்குள், பெட்ரோல் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் ஓட்டினால் போதும். டேஷ்போர்டில் நீல விளக்கு அணைந்ததும் எல்லாம் தயார் என்று நினைக்காதீர்கள். அது தண்ணீரின் சூட்டைத்தான் சொல்கிறது. ஆயில் சூடேறத் தண்ணீரைவிட ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் பிடிக்கும்.

பிரசவ வலியோ நெஞ்சு வலியோ என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஓட்டுங்கள். டர்போவை மாற்றிக்கொள்ளலாம்.

வளைகுடாவில் வேலை செய்யும் சகோதரர்களின் வீடுகளுக்குத் தனியாக ஒன்று. வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்போது மேலே இருந்த ஆயிலெல்லாம் கீழே இறங்கிவிடும். விடுமுறையில் வந்ததும் ஸ்டார்ட் செய்து "வுர்ர், வுர்ர்" என்று முறுக்கிப் பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. ஆயில் போய்ச் சேருவதற்குள் தண்டு சுற்றத் தொடங்கிவிடும். முதலில் ஆயில் அளவைக் குச்சியில் பாருங்கள். ஸ்டார்ட் ஆனபின் ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள். ஷெட் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு!

நெடுஞ்சாலையில் விரட்டி வந்தோ மலை ஏறியோ நிறுத்தினால், உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இல்லாவிட்டால் கொதிக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கரியாகிவிடும்.

தம்பியின் விண்ணப்பத்தைக் குழு ஏற்றது. புது டர்போ போட்டாயிற்று. இப்போது அவர் பைபாஸில் நேரே ஏறுவதில்லை. கடைத்தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். அதில் பத்து நிமிடம் கழிந்துவிடுகிறதாம். வழியில் டீயும் குடித்துக்கொள்கிறார். முதல் தவணை வந்துவிட்டது.