காப்பர் டி போட்ட பின் தாம்பத்தியம்: தம்பதியர் அறிய வேண்டியவை



காப்பர் டி போட்ட பிறகு கணவனும் மனைவியும் மீண்டும் எப்போது சேரலாம்? பல வீடுகளில் இருக்கும் கேள்வி இது. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலைக்காக வந்து குடியேறிய இளம் தம்பதியருக்கு, பக்கத்தில் இருந்து சொல்லித்தரத் தாயோ அக்காவோ இருப்பதில்லை. மருத்துவமனையில் நீண்ட வரிசை. நர்ஸிடம் கேட்கக் கூச்சம். மார்க்கத்தை அறிந்துகொள்ள அன்சாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். நாமும் அந்த வழியில் இதைப் படிப்போம்.

1. பாதுகாப்பு எப்போது தொடங்கும்?

காப்பர் டி போட்ட அந்த நேரத்திலிருந்தே கருத்தடை வேலை தொடங்கிவிடும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுவதில் 380ஏ வகை 10 ஆண்டுகளுக்கும், 375 வகை 5 ஆண்டுகளுக்கும் பலன் தரும். ஹார்மோன் உள்ள வகைக்குக் கணக்கு வேறு. மாதவிடாய் தொடங்கி 7 நாட்களுக்குள் போட்டால் உடனே பாதுகாப்பு உண்டு. அதற்குப் பிறகு போட்டால் 7 நாட்கள் ஆணுறை தேவை. எந்த வகை, எந்தத் தேதியில் போட்டது, எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

2. உடல் எப்போது தயார்?

பிரசவத்தோடு இல்லாமல் தனியாகப் போட்டுக்கொண்டவருக்கு இத்தனை நாள் என்று ஒரே கணக்கு இல்லை. வலி தணிந்து, அவருக்கே இயல்பாகத் தோன்றும்போது சேரலாம். பல மருத்துவர்கள் ஓரிரு நாள் பொறுக்கச் சொல்வார்கள். சிலர் ஒரு வாரம் என்பார்கள். உங்களைப் பரிசோதித்தவர் சொன்னதைப் பின்பற்றுங்கள். முதல் சில நாட்கள் மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுத்துப் பிடிப்பது வழக்கம்தான்.

உறவு கொள்வதால் காப்பர் டி நகர்ந்துவிடாது; வயிற்றுக்குள் எங்கோ போய்விடாது; கணவருக்குக் காயமும் ஏற்படாது. அது கருப்பைக்குள் இருக்கிறது. கருப்பை வாயில் மெல்லிய நூல் மட்டும் தொங்கும். கணவருக்கு அது தட்டுப்பட்டால் பயம் வேண்டாம். நாளாக நாளாக மென்மையாகிவிடும். தொந்தரவாக இருந்தால் மருத்துவர் அளவாக வெட்டிவிடுவார். நூலை நீங்களே இழுக்கக் கூடாது.

3. இரத்தம் நிற்கவில்லையே, என்ன செய்வது?

குடும்பங்களில் அதிகக் குழப்பம் இங்கேதான். காப்பர் டி போட்ட முதல் 3 முதல் 6 மாதங்கள் வரை மாதவிடாய் கூடுதலாகவும் நீண்டும் வரலாம். இடையில் சொட்டுச் சொட்டாகவும் படலாம். 1965-ல் இந்திய அரசு நாடெங்கும் ‘லூப்’ போடத் தொடங்கியபோது, இப்படி இரத்தப்போக்கு வரும் என்று பெண்களுக்கு முன்கூட்டியே சரியாகச் சொல்லவில்லை. பின்னர் வந்து பார்க்கவும் போதிய ஆள் இல்லை. பயமும் வதந்தியும் பரவி, பலர் அதை எடுத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் ‘லூப்’ என்றால் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்க்க ரீதியாக, வருகிற இரத்தமெல்லாம் மாதவிடாய் (ஹைளு) அல்ல. ஹனஃபி மத்ஹபில் ஹைளு குறைந்தது 3 நாள், அதிகபட்சம் 10 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு பகல் ஓர் இரவு, அதிகபட்சம் 15 நாள். இரண்டு ஹைளுகளுக்கு நடுவே குறைந்தது 15 நாள் சுத்தம் இருக்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபும் ஒன்று.

ஓர் உதாரணம். வழக்கமாக 5 நாள் வரும் ஒரு சகோதரிக்கு, காப்பர் டி போட்ட பின் 14 நாள் தொடர்ந்து வந்தது என்று வையுங்கள். ஹனஃபி மத்ஹபில் 10 நாளைத் தாண்டிவிட்டதால் வழக்கமான 5 நாள் மட்டுமே ஹைளு; மீதி 9 நாள் இஸ்திஹாளா. அந்த நாட்களில் விட்ட தொழுகைகளை அவர் களா செய்ய வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாளுக்குள் நின்றுவிட்டதால் 14 நாளும் ஹைளுதான்.

ஹைளின்போது உடலுறவு கூடாது என்பது குர்ஆனின் கட்டளை (2:222). அன்பாகப் பேசுவதும் அருகில் இருப்பதும் விலக்கப்படவில்லை. இஸ்திஹாளா உள்ள பெண்ணோ தொழுவார், நோன்பு பிடிப்பார். ஒவ்வொரு பர்ளு தொழுகைக்கும் நேரம் வந்ததும் உளூ செய்வார். ஹைளு முடிந்து குளித்தபின் கணவருடன் சேரவும் இரு மத்ஹபிலும் அனுமதி உண்டு. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்குத் தொடரும் இரத்தம் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டு விளக்கம் பெற்றது இந்த மஸ்அலாவுக்கு அடிப்படை.

விட்டு விட்டு இரத்தம் படுபவர்களுக்குக் கணக்கு கடினம். தொடங்கிய நாளையும் நின்ற நாளையும் காலண்டரில் குறித்து வாருங்கள். அதே குறிப்பை ஆலிமிடமும் மருத்துவரிடமும் காட்டலாம். அனுமதி உண்டு என்பதற்காக, வலியும் சோர்வுமாக இருக்கும் மனைவியை வற்புறுத்தலாம் என்று பொருளாகாது.

4. பிரசவத்தோடு போட்டுக்கொண்டவர்கள்

குழந்தை பிறந்த 48 மணி நேரத்துக்குள்ளோ, சிசேரியனின்போதோ காப்பர் டி போடுவதுண்டு. தாய்ப்பாலுக்கு இதனால் பாதிப்பில்லை. இங்கே நிஃபாஸ் கணக்கும் சேர்கிறது. அதிகபட்சம் ஹனஃபியில் 40 நாள், ஷாஃபிஈயில் 60 நாள். எல்லோரும் 40 நாள் இருந்தே தீர வேண்டும் என்பது தவறான எண்ணம். 25-ஆம் நாள் இரத்தம் முற்றிலும் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டும். ஆனால் தையலும் காயமும் ஆற நாளாகும். ஆறாவது வாரப் பரிசோதனையை முடித்துவிட்டுச் சேர்வது நல்லது. பிரசவத்தோடு போட்டது முதல் மாதங்களில் தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு சற்று அதிகம். அந்தப் பரிசோதனையில் அது இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

போடுவதற்கு முன் பெண்ணிடம் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். கருத்தரிக்கும் தன்மை விரைவில் திரும்பிவிடும்.

5. கணவர்களுக்கு ஒரு வார்த்தை

நைட் ஷிஃப்ட் முடித்துக் களைத்து வருகிறீர்கள். வாரம் ஒருநாள்தான் லீவு. ஆனால் அவரும் இரத்தம் போகும் உடம்போடு வீட்டு வேலையோ, லைனில் எட்டு மணி நேரம் நின்று செய்யும் வேலையோ பார்த்திருப்பார். “இன்று எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். பரிசோதனைக்குக் கூடப் போங்கள். கீரை, பேரீச்சை, மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கிறதா என்று பாருங்கள். காப்பர் டி கருவைத் தடுக்கும். பால்வினை நோய்களைத் தடுக்காது என்பதையும் இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

6. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியவை

- தாங்க முடியாத அடிவயிற்று வலி, அல்லது உறவின்போது நீங்காத வலி
- காய்ச்சல், குளிர், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் (முதல் மூன்று வாரங்களில் கூடுதல் கவனம்)
- நாப்கின் மணிக்கொருமுறை நனையும் அளவு இரத்தம்
- மாதவிடாய் தள்ளிப்போதல்
- நூல் தட்டுப்படாமை, நீளம் மாறியது போலத் தோன்றுதல், கெட்டியாக எதுவோ தட்டுப்படுதல்

கடைசி இரண்டு இருந்தால், மருத்துவர் பார்க்கும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

வீட்டில் கலந்து பேச

நம் மத்ஹபின் நாள் கணக்கு என்ன? அட்டை எங்கே இருக்கிறது? அடுத்த பரிசோதனை என்றைக்கு? இந்த மூன்றுக்கும் கணவன் மனைவி இருவருக்கும் பதில் தெரிந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நம் இல்லறங்களில் அன்பையும் ஆரோக்கியத்தையும் வல்ல இறைவன் நிலைபெறச் செய்வானாக, ஆமீன்.